போணியைச் சேர்க்காத கணக்கு

1

இந்தக் கதை எனக்குத் திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை மின்சார ரயிலில் கிடைத்தது. எதிர் இருக்கையில் ஒரு பெண் பெரிய சார்ட் தாளை மடியில் விரித்து அதில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வைக்கிற அதே பொட்டுதான். அட்டையிலிருந்து ஒன்றை உரிப்பாள், கையிலிருக்கும் சீட்டைப் பார்ப்பாள், தாளில் இடம் பார்த்து ஒட்டுவாள். ரயில் ஆட்டத்தில் ஒரு பொட்டு என் செருப்பில் விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்த உரிமையில், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

கேட்டதுதான் தாமதம், சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சொல்லிக்கொண்டே ஒட்டினாள். கடைசிப் பொட்டை ஒட்டியதும் பேச்சை நிறுத்திவிட்டுத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். சிரித்தாள். சிரித்த கண்ணையே துடைத்துக்கொண்டாள்.

"இது வியாபாரம் இல்ல சார். எங்க பெரியம்மா நடந்து போறாங்க" என்றாள்.

அரக்கோணம் வந்துவிட்டது. சென்னைக்கு டிக்கெட் எடுத்திருந்தவள் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேயே இறங்கிவிட்டாள். "ஒருத்தரைத் தடுக்கணும் சார், பாவு ஏத்திடப் போறாரு" என்று அவள் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது.

ஆக, அரக்கோணம் வரைக்கும் இது அவள் கதை. அதற்கு மேல் நடந்ததற்கெல்லாம் நான்தான் பொறுப்பு. கதை சொன்னவள் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது? கையிலிருப்பதை வைத்துத்தான் சமைக்க வேண்டும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"மலைமேல் மேகம் தவழ்ந்த ஒரு விடியலில் தேவசேனா ரயிலை விட்டு இறங்கி..."

(வேண்டாம். மேகம் தவழ ஆரம்பித்தால் கதை படுத்துக்கொள்ளும்.)

இரண்டாவது முறை புத்திசாலித்தனமாக ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன்:

"தகவலைத் திரட்டி, எண்ணி, அதன் வழியே புதுப் பொருளை வடிவமைப்பது என்பது மனிதன் கருவி செய்யத் தொடங்கிய நாளிலிருந்தே..."

இதைக் கோமளவல்லியிடம் காட்டினேன். கோமளவல்லி என் மனைவி. என் கதைகள் எல்லாவற்றுக்கும் அவள்தான் முதல் வாசகி.* எப்போதும் "நல்லா கீதுங்க" என்று சொல்கிறவள், இதைப் படித்துவிட்டும் அதையேதான் சொன்னாள். ஆனால் படிக்கும்போது கொட்டாவி விட்டதை நான் பார்த்துவிட்டேன். ஆகவே கிழித்துப் போட்டேன்.

* இந்த நட்சத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கே திரும்பி வருவேன். ஆனால் அங்கே நட்சத்திரம் இருக்காது.

மூன்றாவது தொடக்கம், கல்யாண மண்டபம். இதுதான் ஒட்டிக்கொண்டது.

3

இரண்டாயிரத்து மூன்று, சித்திரை மாதம். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத மூன்று நாளாகப் பார்த்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மணமேடையில் வாழைமரம் கட்டிய கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே கரும்பலகையை நிறுத்தி, தேவசேனா நின்றாள்.

தேவசேனா இந்த ஊர்ப் பெண். பஜார் தெருவுக்குப் பின்சந்து. படித்துவிட்டுச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். சிறுதொழில் செய்கிறவர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்துவது அந்த நிறுவனத்தின் தொழில். என்ன பயிற்சி என்றால், தோன்றியதைச் செய்யாதே, ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார், கேள், எண்ணு, எண்ணியதை வைத்துப் புதுசாக ஒன்றை வடிவமை, கொஞ்சமாகச் செய்து விற்றுப் பார், மறுபடி எண்ணு. அவ்வளவுதான். இதையே அவள் மேலதிகாரி ஸ்கந்தகுமார் சொன்னால் அரைநாள் ஆகும், நடுவில் பல படங்கள் சுவரில் தெரியும்.

திருத்தணியில் நடத்தலாம் என்று அடம்பிடித்தவள் தேவசேனாதான். ஸ்கந்தகுமாருக்கு மனமில்லை. "ஒரு பேட்ச் பண்ணிப் பாருங்க. ரிசல்ட் வந்தா தொடரலாம். இல்லேன்னா இதோட முடிச்சுக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

வந்தவர்கள் ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்து விசைத்தறிக்காரர்கள். லுங்கி நெய்கிறவர்கள். எடுத்துக்கொண்டிருந்த வியாபாரி சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டதால், வேறு என்ன நெய்யலாம் என்று தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் வீரபத்திரன், பக்கத்தில் அவர் மனைவி சந்திரா. ஆர்.கே.பேட்டையில் அவர்களுக்கு ஆறு தறி. சந்திராவுக்கு அவர் மாமன் மகன். கல்யாணத்துக்கு முன்பும் பாவா, பின்பும் பாவா.

"பிடிச்சதை நெய்யாதீங்க. பாத்து, கேட்டு, எண்ணி நெய்யுங்க" என்றாள் தேவசேனா.

"ஊர்ல அல்லாரையும் கேட்டுகினு இருந்தா எப்போ மேடம் நெய்யறது?" என்றார் வீரபத்திரன்.

"எல்லாரையும் கேக்க வேணாங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். உங்க வீட்ல சோறு வெந்துச்சான்னு பானை முழுக்க நசுக்கியா பாக்கறாங்க?"

சந்திரா சிரித்துவிட்டாள். "அப்புடி சொல்லுங்க மேடம். நைனா காலத்துலருந்து தறி போட்டுகினு கீறோம், ஒருத்தரும் இப்புடி சொன்னதில்ல." வீரபத்திரனும் தலையாட்டினார். பழமொழிக்கு யார் எதிர்ப் பேச்சுப் பேச முடியும்?

(இங்கே நான் சிறிது நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பழமொழியைத் தேவசேனா உண்மையிலேயே சொன்னாளா, ரயிலில் என்னிடம் சொன்னாளா, நானே அவள் வாயில் திணித்தேனா என்று நினைவில்லை. ஆனால் இதுதான் பிறகு அவளைக் கடிக்கப் போகிறது. அதனால் இருக்கட்டும்.)

இரண்டாம் நாள் எல்லோரையும் மலையடிவாரத்துக்கு அனுப்பினாள். ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு பென்சில். யாரிடமும் எதையும் விற்காமல், கீழே இறங்கி வருகிறவர்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் மண்டபத்தில் சார்ட்டில் பொட்டு ஒட்டிப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே விஷயம் தெரிந்தது. புதிதாக மொட்டை போட்டவர்கள் வெயிலில் தலையை என்ன செய்வது என்று தெரியாமல் அவதிப்படுகிறார்கள். சந்தனம் பூசிய தலை. வெள்ளைத் துண்டு போட்டால் கறை. முந்தானை போட்டால் வழுக்கி வழுக்கி இறங்குகிறது. கைக்குட்டை போதவில்லை.

அப்படிப் பிறந்தது சந்தனத் துண்டு. சந்தன நிறத்திலேயே இருக்கும். கறை பட்டாலும் தெரியாது. இரட்டை மடிப்பாக, மெத்தென்று, தலையில் கட்டினால் நழுவாத அகலம். எந்த விதத்தில் ஓரம் வைப்பது என்று ஆளாளுக்குச் சண்டை போட்டு, கடைசியில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக மாதிரி நெய்வது என்று முடிவானது. அடுத்த கிருத்திகை அன்று அடிவாரத்தில் வரிசையாகக் கடை போட்டு விற்றுப் பார்ப்பது. அதில் எது போகிறதோ அதை ஆடிக் கிருத்திகைக்கு நெய்து குவிப்பது.

ஆடிக் கிருத்திகை என்றால் இந்த ஊருக்கு என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காவடியும் மொட்டையுமாக ஊர் தாங்காது.

4

தேவசேனாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இவள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கிறாள். எனக்கு இவளைப் பிடித்துவிட்டது. எழுதுகிறவனுக்கு ஒரு பாத்திரத்தைப் பிடித்துவிட்டால் அந்தப் பாத்திரம் பூஜை அறைக்குப் போய்விடும். ஒரு குறையாவது வேண்டும். கோபக்காரி ஆக்கலாமா, பொய் சொல்ல வைக்கலாமா என்றெல்லாம் யோசித்து நான்கு பக்கம் வீணாக்கினேன். அப்புறம்தான் ரயிலில் அவள் போகிற போக்கில் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. குறை அவளிடமே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

பட்டறையின் முதல் நாள் காலை, யாரும் வருவதற்கு முன்னால், தேவசேனா தன் பெரியம்மா கௌரியம்மாளைக் கூட்டிவந்து மண்டபத்துக்குள் முதல் அடி வைக்கச் சொன்னாள். பதிவுச் சீட்டில் முதல் பெயரும் கௌரியம்மாள்தான். பெரியம்மாவுக்குத் தறியும் தெரியாது, தகவலும் தெரியாது. பெரியப்பா கல்யாணச் சமையல்காரர். காய்கறி வாங்கக் காலையில் பஜாருக்கு வருவது அவள் வேலை. ஆனால் கௌரியம்மாள் கைராசிக்காரி. அவள் முதல் ஆளாக வாங்கிப் போணி பண்ணினால் அன்றைக்குக் கடை ஓடும். திருத்தணி பஜாரில் இது எல்லோருக்கும் தெரியும். கீரைக்காரி முதல் பாத்திரக்கடை வரை, அவள் வருகிற நேரம் பார்த்துத்தான் சரக்கை விரிப்பார்கள்.

போணிக்குக் கூப்பிட்டு ஒருவர் வாங்காமல் போனால் அந்த நாளே விடியாது. ஆகவே கௌரியம்மாள் யாரையும் மறுத்ததில்லை. தேவையோ இல்லையோ வாங்கிவிடுவாள். அவள் வீட்டுப் பரணில் ஒருவருக்கும் உதவாத சாமான்கள் எத்தனை கிடக்கின்றன என்பது பெரியப்பாவின் வாழ்நாள் புலம்பல்.

எண்ணிப் பார்த்து நம்பு என்று ஊருக்குச் சொல்லவந்தவள், கைராசியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். இந்தக் குறை போதும். இப்போது அவள் மனுஷி ஆகிவிட்டாள்.

5

வைகாசிக் கிருத்திகை காலை. அடிவாரத்தில் பதினோரு கடை. கடை என்றால் கயிற்றுக் கட்டில், அதன் மேல் துண்டுகள். ஒவ்வொருவர் கையிலும் தேவசேனா ஒரு சீட்டுக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு துண்டும் விற்ற நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுத வேண்டும்.

சந்திரா டீக்கடைக்காரரிடம் போய் மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, இங்க போணிக்கு யார் கை நல்ல கை?"

"கௌரியம்மாதான். வேற யாரு. காய் வாங்க இப்போ வந்துகினே இருப்பாங்க."

சந்திரா கேட்டது பக்கத்துக் கடைக்குக் கேட்டது. பக்கத்துக் கடைக்குக் கேட்டது அதற்குப் பக்கத்துக்கு. அவ்வளவுதான்.

தேவசேனா அந்த நேரத்தில் மண்டபத்தில் மறந்துவைத்த பொட்டு அட்டையை எடுக்கப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது எல்லாக் கட்டிலிலும் முதல் துண்டு விற்றாகியிருந்தது. கடை விரித்துக் கண்மூடித் திறப்பதற்குள். "பாத்தீங்களா மேடம், அல்வா மாதிரி பூடுச்சு" என்றார் வீரபத்திரன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மலையிலிருந்து கூட்டம் இறங்க ஆரம்பிக்கும் நேரத்தில், கோடைமழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கு அப்புறம் ஒரு துண்டும் விற்கவில்லை.

மிஞ்சியது முதல் விற்பனையின் நேரம் மட்டும். தொலைபேசியில் கேட்ட ஸ்கந்தகுமாருக்கு அதுவே போதுமாக இருந்தது. "விரிச்சதும் போயிருக்கு. எல்லா மாடலும் போயிருக்கு. இதைவிட என்ன வேணும்? ரிப்போர்ட் கொண்டாங்க" என்றார். வீரபத்திரனுக்கும் போதுமாக இருந்தது. ஆறு தறியிலும் சந்தனத் துண்டுக்குப் பாவு ஏற்றிவிடுவது என்று அங்கேயே சொல்லிவிட்டார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அதை ஒருமுறை ஏற்றிவிட்டால் தீரும்வரை அதுதான் நெய்தாக வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குள் வேறொன்றுக்கு மாற நேரமே இருக்காது. விற்றால் குடும்பம் நிமிரும். விற்காவிட்டால் வீடு நிறைய மொட்டைத் துண்டு, வாசலில் பாக்கி கேட்டு நூல் கடைக்காரர்.

இப்போது ரயிலுக்கு வாருங்கள்.

மறுநாள் காலை தேவசேனா என் எதிரில் உட்கார்ந்து அந்த நேரங்களைத்தான் பொட்டாக ஒட்டிக்கொண்டிருந்தாள். கீழே இடமிருந்து வலமாகக் கடைகள்; பக்கவாட்டில் மேல்நோக்கி நேரம். ஜனங்கள் தாங்களாக வந்து வாங்கியிருந்தால் பொட்டுகள் தாறுமாறாகக் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. முதல் கடைக்கு அடுத்தது இரண்டாம் கடை, அதற்கு ஒரு நிமிடம் தள்ளி மூன்றாம் கடை என்று படி வைத்தாற்போல் ஏறிக்கொண்டே போயின. நாலாவது கடைக்கும் ஐந்தாவது கடைக்கும் நடுவில் மட்டும் பெரிய இடைவெளி.

அங்கேதான் டீக்கடை.

பெரியம்மா நாலாவது கடையில் வாங்கிவிட்டு, டீ குடித்துவிட்டு, சர்க்கரை குறைவு என்று சண்டை போட்டுவிட்டு, ஐந்தாவது கடைக்கு நகர்ந்திருக்கிறாள். அந்தத் தாளில் இருந்தது பதினோரு வாடிக்கையாளர் அல்ல. முழங்கால் வலியோடு, ஒருவர் மனமும் கோணாமல், கட்டில் கட்டிலாக ஒரே சாமானை வாங்கிக்கொண்டு போன ஒரே மனுஷி. பதினோரு பானைக்கும் ஒரே சோறு. தேவசேனாவுக்குப் பெரியம்மா மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. அதோடு சேர்ந்து கோபமும் வந்தது. அதனால்தான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

6

(இங்கிருந்து என் சொந்தச் சரக்கு.)

அரக்கோணத்தில் இறங்கியவள் எதிர் ரயில் பிடித்து ஊர் வந்து, நேரே பெரியம்மா வீட்டுக்குப் போனாள். கௌரியம்மாள் அடுப்பிலிருந்து சாம்பார் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தாள். அண்டாவின் காதைப் பிடிக்க இரண்டு கையிலும் சந்தனத் துண்டு.

"பெரியம்மா, இது தலையில கட்டறது."

"ஆங்? எனக்கு எதுக்குடி தலையில? நான் என்னா மொட்டையா போட்டுகினேன்? சூடு தெரியல தேவு, நல்லா தடியா கீது. இன்னும் ஒம்பது கீது, உனக்கு ரெண்டு எடுத்துக்கோ."

"பிடிச்சு வாங்கினீங்களா?"

கௌரியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "போணிக்குக் கூப்புட்டா பிடிக்குதா பிடிக்கலியான்னு யாராச்சும் பாப்பாங்களா? உன் பசங்கன்னு சொன்னாங்க. வெயில்ல வந்து குந்திகினு கீதுங்க பாவம். ஒருத்தர்கிட்ட வாங்கிட்டு ஒருத்தர்கிட்ட வாங்காம பூட்டா அதுங்க மனசு என்னா ஆவும்?"

தேவசேனா பெரியம்மா கையைப் பிடித்து ஒரு நிமிடம் வைத்துக்கொண்டாள். பிறகு ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸுக்கு ஓடினாள்.

(கோமளவல்லி இந்த இடத்தைப் படித்துவிட்டு, "அப்போ அண்டா புடிக்கிற துணின்னு வித்துடலாமேங்க" என்றாள். அவள் சொன்னபடியே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். ஊர்க் கல்யாணச் சமையல்காரர்கள் எல்லாம் வந்து வாங்குகிறார்கள், வீரபத்திரன் ஏழாவது தறி போடுகிறார், சுபம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பெரியம்மா ஒருத்தியை வைத்துக்கொண்டு மறுபடியும் ஊர் முழுக்கக் கணக்குப் போடுகிற அதே தப்பு. அடித்துவிட்டேன்.)

7

தறிக்கூடத்தில் புதுப் பாவு உருளை வாசலில் சாத்தியிருந்தது. வீரபத்திரன் முதல் தறியைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"இன்னா மேடம், மெட்ராஸ் போறேன்னீங்க?"

தேவசேனா தாளை விரித்தாள். சொன்னாள். டீக்கடை வரைக்கும் சொன்னாள். இந்தக் கணக்கு செல்லாது, பாவு ஏற்ற வேண்டாம் என்றாள்.

வீரபத்திரன் பொட்டுகளை நெடுநேரம் பார்த்தார். முகத்தில் அதிர்ச்சி இல்லை. சந்தோஷம்தான் தெரிந்தது.

"அப்போ பதினோரு கடைக்கும் கௌரியம்மா கைதானா?"

"ஆமாங்க. அதைத்தான் சொல்றேன்."

"அவ்ளோ ராசியான கை போணி பண்ணிச்சுன்னா அதுக்கு மேல என்னா கணக்கு மேடம் வோணும்? ஏத்திட வேண்டியதுதான்."

தேவசேனாவுக்குச் சுர்ரென்று வந்தது. மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தியது எல்லாம் விழலுக்கு இறைத்த நீரா? "உங்களுக்கு எண்ணச் சொல்லிக் குடுத்தேன். நீங்க கும்பிட்டுகினு நிக்கிறீங்க" என்று சத்தம் போட்டாள். "அவங்க தேவைக்கு வாங்கலைங்க. உங்க மேல பாவப்பட்டு வாங்கினாங்க."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கே போய் விழுந்தது என்று பார்த்தாள். வீரபத்திரன் கையிலிருந்த திருகுச்சாவியைக் கீழே வைத்தார்.

"மேடம், நீங்க மண்டபத்துக்கு மொதல்ல யாரைக் கூட்டியாந்தீங்க?" என்று கேட்டாள் சந்திரா. குரலில் சண்டை இல்லை. "மொத நாள் நான் சீக்கிரமா வந்துட்டேன். பாத்துகினுதான் இருந்தேன்."

தேவசேனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சந்திரா போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தாள். மூவரும் பாவு உருளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"போணி இல்லாம கடை விரிக்க முடியாது மேடம்" என்றார் வீரபத்திரன், இறங்கிய குரலில். "மனசு ஓடாது."

"தெரியும்ங்க. எனக்கும் ஓடாது." தேவசேனா தாளைச் சுருட்டினாள். "போணி பண்ணிக்குங்க. பெரியம்மாவே பண்ணட்டும். ஆனா அதை எழுதாதீங்க. ரெண்டாவது ஆள்லருந்து எழுதலாம். ஆனிக் கிருத்திகைக்கு மறுபடி கடை போடுவோம்."

"அதுக்கு நடுவுல தறி சும்மாவா நிக்கும்?"

"ஒரு தறில ஏத்துங்க பாவா" என்றாள் சந்திரா. "மிச்சத்துல கெடைக்கிற கூலிக்கு ஓட்டலாம். ஆனில தெரிஞ்சிடும். தெரிஞ்சப்புறம் ஏத்தினா ஆடிக்குக் கொறைச்சலா நெய்வோம், அவ்ளோதானே."

அவ்வளவுதான் என்று சொல்ல எளிது. ஒரு மாதம் போனால் ஆடிச் சரக்கில் பாதி போனது. வீரபத்திரன் உருளையைத் தடவிக்கொண்டே யோசித்தார். பிறகு, "ஒரு தறி" என்றார்.

தேவசேனா அன்று மாலையே ஸ்கந்தகுமாருக்கு எல்லாவற்றையும் தொலைபேசியில் சொன்னாள். பெரியம்மாவையும் டீயையும் விடாமல் சொன்னாள். "இன்னொரு தடவை பாருங்க. அதுலயும் வரலேன்னா திருத்தணியை மூடிடலாம்" என்றார். கெட்டவர் இல்லை அவர். ரிசல்ட் கேட்கிறவர்.

8

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்றில், சந்தனத் துண்டு தீப்பிடித்தாற்போல் விற்கிறது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஒன்றில், ஒன்றுகூட விற்காமல் தேவசேனா சென்னைக்குப் போய்... (இதை முடிக்கவில்லை. வீரபத்திரன் முகத்தை நினைத்தால் பேனா நகரவில்லை. எழுதுகிறவனுக்கு இவ்வளவு இளகிய மனம் ஆகாதுதான்.)

ஒன்றில், பல வருடம் கழித்து நான் ரயிலில் தேவசேனாவை மறுபடி சந்திக்கிறேன், அவளே முடிவைச் சொல்கிறாள். சோம்பேறி முடிவு. உண்மையில் நான் அவளை மறுபடி பார்க்கவே இல்லை. காலை ரயிலில் ஏறும்போதெல்லாம் இன்றைக்கும் கக்கத்தில் தாள் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

ஆகவே, ஆனிக் கிருத்திகை காலை. எனக்குத் தெரிந்தது வரை எழுதுகிறேன்.

மழை இல்லை. வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. கௌரியம்மாள் வந்தாள். எல்லாக் கட்டிலிலும் போணி பண்ணினாள். சொல்லிவைத்தபடி யாரும் அதை எழுதவில்லை. வழக்கம்போல் நடுவில் டீ குடித்தாள். கடைசிக் கடையை முடித்துக்கொண்டு திரும்பி டீக்கடை பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தாள். வாங்கிய துண்டுகளை மடியில் அடுக்கிக்கொண்டு, கடைகளின் பக்கம் பார்க்காமல் மலையைப் பார்த்தபடி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தான் பார்த்தால் யாருக்காவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்று தோன்றிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

தேவசேனா சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றாள். அவளும் பார்க்காத மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிகளில் கூட்டம் இறங்க ஆரம்பித்தது. முன்னால் ஒரு பெண், நகரிப் பக்கத்துக்காரி போல. புது மொட்டை. சந்தனம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. முந்தானையைத் தலையில் போடுகிறாள், அது வழுக்கி விழுகிறது, மறுபடி போடுகிறாள். வீரபத்திரனின் கட்டிலைத் தாண்டிப் போனாள். இரண்டு அடி போய் நின்றாள். திரும்பி வந்தாள்.

துண்டை எடுத்தாள். விரலால் நீவிப் பார்த்தாள். கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். கேட்காமலேயே தலையில் கட்டினாள். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினாள். நழுவவில்லை.

"இதி எந்த?" என்று தெலுங்கில் விலை கேட்டாள்.

வீரபத்திரன் சொன்னார். சந்திராவின் பென்சில் சீட்டின் முதல் வரிக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண் துண்டை அவிழ்க்காமல், பின்னால் வந்துகொண்டிருக்கும் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

இங்கே நிறுத்துகிறேன்.

அவள் வாங்கினாளா என்று எனக்குத் தெரியாது. வாங்கினாள் என்று எழுத என் கை துடிக்கிறது. அந்தக் கையை நான் நம்பவில்லை. வீரபத்திரன் மேலும் தேவசேனா மேலும் வைத்த பிரியத்தில் அது எதையும் வாங்கிவிடும். கௌரியம்மாள் கை மாதிரிதான் அதுவும்.

நேற்று இரவு இதுவரை எழுதியதைக் கோமளவல்லியிடம் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே படித்தாள். கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்னால் ஒன்றும் இல்லை. "நல்லா கீதுங்க" என்றாள். இருபது வருடமாக என் ஒவ்வொரு கதைக்கும் அதைச் சொல்லி வருகிறாள். அவள் சொல்லாமல் ஒரு கதையையும் நான் வெளியே அனுப்பியதில்லை. இனியும் அனுப்ப மாட்டேன். எனக்கு மனசு ஓடாது.

ஆனால் இந்த முறை அதை எழுதிக்கொள்ளவில்லை.

போணி ஆகிவிட்டது. துண்டு உங்கள் கையில் இருக்கிறது. என் மேல் பாவப்பட வேண்டாம், அவர்கள் மேலும் வேண்டாம். நீங்கள் இரண்டாவது ஆள். பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.